காப்புறுதி எடுக்கும் முன் மாநிலத்தின் வரைபடத்தைப் பாருங்கள்

வீட்டுக்கோ கடைக்கோ காப்புறுதி எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்?" என்றுதான். "நம்ம மாநிலத்துல எந்த ஆபத்து வரும், அது இந்தக் காப்புறுதிப் பத்திரத்துல இருக்கா?" என்று கேட்பவர் அபூர்வம். மலேசியா சின்ன நாடு, 13 மாநிலத்துக்கும் ஒரே வெயில், ஒரே மழை என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது. நட்ட மதிப்பீட்டு வேலையில் இருப்பவனுக்கு அப்படித் தோன்றாது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் வரும் இழப்பீட்டுக் கோப்பு வேறு மாதிரி இருக்கும், ஆனால் ஆட்கள் வாங்கி வைத்திருக்கும் பத்திரம் மட்டும் எங்கும் ஒரே மாதிரி.

முதலில் தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை தீபகற்பத்தின் நடுவே நீளும் இந்த மலைதான் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் வேறு வேறு உலகமாக்குகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பக்கம் என்று கொட்டும். அங்கே உள்ளவர்களுக்கு இது புதிதில்லை. ஆண்டுக்கடைசி வந்தாலே சரக்கை மேல்மாடிக்கு ஏற்றும் கடைக்காரர்கள் உண்டு. ஆனால் 2014 டிசம்பரில் கிளந்தானில் வந்த வெள்ளம் அந்தப் பழக்கத்தையும் மீறியது. தண்ணீர் மஞ்சள் சேறாக வந்ததால் அதற்கு 'மஞ்சள் வெள்ளம்' என்றே பெயராகிவிட்டது. ஆற்றின் மேற்பகுதியில் குவா மூசாங் பக்கம் காடு அழிக்கப்பட்டதுதான் காரணமா என்று அப்போது பெரிய வாக்குவாதமே நடந்தது. வெறும் தண்ணீர் வடிந்துவிடும், சேறு வடியாது. மோட்டாருக்குள், குளிர்பெட்டிக்குள், சுவரில் இருக்கும் மின்சொருகிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது சிலாங்கூருக்கு வருவோம், நம்மில் பலர் இருக்கும் இடம். ஷா ஆலாம், கிள்ளான், பூச்சோங் என்று தொழிற்சாலையும் தாமான் என்கிற குடியிருப்பும் கிடங்கும் அடுத்தடுத்து நெருக்கி நிற்கிற மாநிலம். மலை கிழக்குப் பருவமழையைத் தடுத்துவிடும், நமக்கு வெள்ளமென்றால் மாலை நேரத் திடீர் வெள்ளம்தான், இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே இருந்தது. 2021 டிசம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்து போனபோது அந்த நம்பிக்கை போயிற்று. கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் இருக்கும் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் நாள்கணக்கில் மேல்மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளங்களால் நாடு முழுக்க ஏற்பட்ட நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது, அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூருடையது. பருவமழை வாங்கிப் பழகிய கிளந்தான் அல்ல, சிலாங்கூர். காரணம் மழை மட்டுமில்லை. தொழிலும் வீடும் காரும் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் நட்டமும் குவியும்.

அப்புறம்தான் பலருக்குத் தெரிந்தது, கையில் இருக்கும் பத்திரத்தில் வெள்ளமே இல்லை என்று. அடிப்படைத் தீக் காப்புறுதி என்றால் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளம் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும், அல்லது வீட்டு உரிமையாளர் காப்புறுதி என்ற விரிவான வகையை எடுக்க வேண்டும். அதுவும் கட்டடத்துக்கு மட்டும்தான். சோபா, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வேறு பத்திரம். வங்கி கடன் கொடுக்கும்போது ஏதோ கையெழுத்து வாங்கினார்களே என்று நினைப்பவர்கள் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பல நேரம் அது நீங்கள் இறந்தால் கடனை அடைக்கும் பாதுகாப்பு, வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காருக்கும் இதே கதை. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளத்துக்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பெரிய தலைவலி, வீட்டின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது. வீட்டைத் திரும்பக் கட்ட 4 லட்சம் ஆகும், பிரிமியத்தை மிச்சம் பிடிக்க 2 லட்சத்துக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள், வெள்ளத்தில் 40,000 ரிங்கிட் நட்டம். 2 லட்சத்துக்குள் தானே இருக்கிறது, முழுசாகக் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்காது. பாதி மதிப்புக்கு எடுத்ததால் பாதிதான், 20,000. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவே முடியாது.

பினாங்கில் கணக்கு வேறு. 1972-ல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியதிலிருந்து செமிகண்டக்டர்தான் அந்த மாநிலத்தின் முதுகெலும்பு, அதைச் சுற்றி சின்னச் சின்னத் துணை ஒப்பந்தப் பட்டறைகள் நிறைய. 2017 நவம்பர் தொடக்கத்தில் அங்கே பெரும் வெள்ளம் வந்தது. இப்படிப்பட்ட பட்டறைக்கு இயந்திரம் கெட்டதைவிட வேலை நின்ற வாரங்கள்தான் அதிகம் வலிக்கும், வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார். தொழில் முடக்க நட்டத்துக்குத் தனிப் பத்திரம் இருக்கிறது. அதிலும் வெள்ளத்தைச் சேர்த்திருந்தால்தான் பயன்.

பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள், கீழே சுண்ணாம்புப் பாறை. அங்கே வீடு வாங்கினால் நிலம் இறங்குவதைப் பற்றிக் கேளுங்கள், ஏனென்றால் விரிவான வீட்டுக் காப்புறுதியிலும் நிலச்சரிவும் நில இறக்கமும் வழக்கமாக இருக்காது, கேட்டுச் சேர்க்க வேண்டும். பகாங்கின் கேமரன் மலைக்காரர்களுக்கும் இதுவேதான். சபாவில் இருப்பவர்கள் நிலநடுக்கத்தைப் பாருங்கள். 2015 ஜூன் 5 அன்று ரானாவில் 6.0 அளவில் வந்தது, கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள், ஆனால் அடிப்படைத் தீப் பத்திரத்தில் நிலநடுக்கம் கிடையாது. ஜொகூரின் பாசிர் கூடாங்கில் 2019-ல் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. தூய்மைக்கேட்டை வீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் விலக்கியே வைத்திருக்கும். கெடாவின் நெல்வயல், திரங்கானுவின் கெர்த்தே பெட்ரோலிய ஆலைகள், சரவாக்கின் பிந்துலு எரிவாயு எல்லாம் தனித் தனிக் கதை, இங்கே இடமில்லை.

சரி, வெள்ளம் வந்தேவிட்டால்? துடைப்பத்தை எடுக்கும் முன் கைப்பேசியை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும், அதன் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு பொருளையும் அதன் வரிசை எண்ணோடு எடுங்கள். காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், அப்படிச் செய்துதான் பல எஞ்சின்கள் போகின்றன. கடைக்காரர்கள் சரக்கு பில்களை நனையாத இடத்தில், முடிந்தால் மின்னஞ்சலில் வைத்திருங்கள். சரக்கு இருந்தது என்பதற்கு நனைந்த அட்டைப்பெட்டி மட்டும் போதாது.

பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது முகவரிடம் வாட்ஸப்பில் எழுத்தாகவே கேளுங்கள்: வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம் மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை, முதல் எவ்வளவு தொகையை நானே ஏற்க வேண்டும்? அவர் அனுப்பும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் கவர் ஆகும்ணே" என்று மட்டும் பதில் வந்தால், பக்க எண்ணைக் கேளுங்கள்.