துண்டு போட்ட இடம்: விண்டோஸ் நினைவகம் தரும் விதம்

சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதி, விண்டோஸின் விர்ச்சுவல்அலாக் என்ற ஃபங்ஷனிடம் 1 ஜிபி நினைவகம் கேளுங்கள். ரிசர்வ், கமிட் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கண் இமைப்பதற்குள் ஒரு முகவரி வந்துவிடும். ஆனால் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் அந்த நிரல் பிடித்திருக்கும் ரேம் சில எம்பிதான். மீதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை, இன்னும் வரவே இல்லை. ரிசர்வ் என்பது பேருந்து சன்னல் வழியே துண்டு போடுகிற வேலை. இந்த முகவரிகளில் வேறு எதுவும் வந்து உட்காரக் கூடாது, அவ்வளவுதான். கமிட்டில்தான் விண்டோஸ் வாக்குக் கொடுக்கிறது: எப்போது தொட்டாலும் ரேமிலோ, ரேமுக்குத் துணையாக வட்டில் இருக்கும் பேஜ்ஃபைலிலோ இடம் உண்டு. ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த மொத்தத்தைத் தாண்டினால் கேட்கும்போதே கையை விரித்துவிடும். லினக்ஸ் வழக்கமாக இதில் தாராளம். முதலில் தலையாட்டிவிட்டு, தட்டுப்பாடு வந்தபின் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். எனக்கு விண்டோஸின் கறார்தான் பிடிக்கும்.

சரி, ரேம் எப்போது வரும்? அந்த இடத்தில் முதல் பைட்டை எழுதும்போது. எந்த முகவரி ரேமில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பேஜ் டேபிளைச் செயலி (சிபியு) பார்க்கிறது. அந்த முகவரிக்கு நேராக எதுவும் இல்லை. உடனே பேஜ் ஃபால்ட், அதாவது 'இங்கே பக்கம் இல்லை' என்ற முறையீடு. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் ரேமிலிருந்து 4 கேபி அளவுள்ள பக்கம் ஒன்றை எடுத்து டேபிளில் பொருத்திவிட்டுத் திரும்ப, அதே ஆணை மறுபடி ஓடுகிறது. நடுவில் நடந்தது நிரலுக்குத் தெரியவே தெரியாது. 1 ஜிபியில் இப்படி 2,62,144 பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு பைட் எழுதும் லூப்பை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பேஜ் ஃபால்ட் எண்ணிக்கையைப் பாருங்கள், எகிறும்.

வரும் பக்கம் முழுக்கப் பூஜ்யங்கள். முன்பு அதை வைத்திருந்த நிரலின் பாஸ்வேர்டு உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாதல்லவா? செயலி சும்மா இருக்கும் நேரத்தில் பக்கங்களைத் துடைத்துவைக்கவே முன்னுரிமை 0 உள்ள, அதாவது எல்லோருக்கும் கடைசியாக ஓடும் ஒரு திரெட் (தனி ஓட்டம்) கெர்னலில் உண்டு.

ஃபங்ஷன்கள் தங்கள் மாறிகளை வைத்துக்கொள்ளும் ஸ்டாக்கும் இதே தந்திரத்தில்தான் வளர்கிறது, மேல் முகவரியிலிருந்து கீழ்நோக்கி. வழக்கமாக 1 எம்பி ரிசர்வ். கமிட் ஆவது கொஞ்சம்தான். அதன் விளிம்பில் ஒரு காவல் பக்கம். அதைத் தொட்டால் கெர்னல் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, காவலை ஒரு படி கீழே நகர்த்தும். ஒரு ஃபங்ஷனுக்குள் 20 கேபி அரே வைத்து, அதன் கீழ்க்கோடியில் முதலில் எழுதினால்? காவல் பக்கத்தைத் தாண்டிக் குதித்து, துண்டு மட்டும் போட்ட இடத்தில் விழக்கூடும். நிரல் அங்கேயே சாகும். அதனால் மைக்ரோசாஃப்ட் கம்பைலர், அப்படிப்பட்ட ஃபங்ஷன்களின் தொடக்கத்தில் நம்மிடம் சொல்லாமலே ஒரு சின்ன அழைப்பைச் செருகிவிடுகிறது. அது ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கும்.