அப்சிசிக் அமிலம்: பெயரில் மட்டும் உதிர்வு

லத்தீனில் ‘அப்’ என்றால் அப்பால். ‘ஸ்கிந்தெரே’ என்றால் வெட்டுதல். இரண்டும் சேர்ந்து ‘வெட்டி விலக்குதல்’ ஆகிறது. இலையும் காயும் காம்போடு கழன்று விழுவதைத் தாவரவியலார் இந்த வேரிலிருந்து ‘அப்சிஷன்’ என்றார்கள். நமக்கு அது உதிர்தல். அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனின் பெயரும் இதே வேரிலிருந்துதான்.

1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஃபிரெடரிக் அடிகாட் குழுவினர், பருத்திப் பிஞ்சு ஏன் உதிர்கிறது என்று ஆராய்ந்து, காய்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து ‘அப்சிசின்’ வரிசையில் சேர்த்தார்கள். பிரிட்டனில் ஃபிலிப் வேரிங் குழுவினருக்கோ மொட்டுகளின் உறக்கமே கேள்வி. சைக்கமோர் மரத்தின் இலைகளில் கிடைத்த பொருளுக்கு ‘டார்மின்’ என்று பெயரிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று 1965இல் தெரிந்தது. அப்சிசிக் அமிலம் என்ற பெயரே நிலைத்தது. பெயரில் பருத்தி வென்றது, உண்மை தோற்றது. பெரும்பாலான செடிகளில் இலையை உதிர்க்கும் வேலை முதன்மையாக எத்திலீன் என்ற வேறொரு ஹார்மோனுடையது.

அப்படியானால் இந்த அமிலத்தின் வேலை என்ன? நிழலில் வளர்ந்த கறிவேப்பிலைக் கன்றைத் திடீரென்று மொட்டைமாடி வெயிலில் வைத்தால் இலை வெளிறிவிடும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்பட்டது போக மிஞ்சும் ஒளி, வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கிச் செல்லைச் சிதைக்கிறது. அந்த நேரத்தில் அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கிறது. இதில் ஒரு சிக்கல்: துளை மூடினால் கார்பன் டை ஆக்சைடு வரத்து குறையும், ஒளி இன்னும் அதிகமாக மிஞ்சும். மிஞ்சியதை வெப்பமாக வெளியேற்ற உதவுவது சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி. அப்சிசிக் அமிலம் உருவாவதும் அதே நிறமியின் வழியாகத்தான்!

தனியாளாக இது எதையும் சாதிப்பதில்லை. ஒளியால் பழுதான ஒளிச்சேர்க்கைப் புரதங்கள் சீராகச் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் துணை நிற்கிறது. அது குறைந்த செடிகள் கடும் ஒளியில் கூடுதலாகச் சேதமடைகின்றன. பகல் வழக்கத்துக்கு மாறாக நீண்டுபோனால், அத்தகைய செடிகளில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் பெருகி, இலைச் செல்கள் மடிகின்றன. (ஜாஸ்மோனிக் என்ற பெயர் மல்லிகையிலிருந்து வந்தது. அதன் உறவுப் பொருளை 1962இல் பிரித்தெடுத்தது நம் சாதிமல்லியின் எண்ணெயிலிருந்து. இங்கே பெயர் பொய் சொல்லவில்லை.)

தமிழில் என்ன சொல்லலாம்? ‘உதிர் அமிலம்’ என்றால் அடிகாட் காலத்துப் பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்தவர்களாவோம். பாடநூல்கள் அப்சிசிக் அமிலம் என்றே ஒலிபெயர்த்து, ‘இறுக்கநிலை ஹார்மோன்’ என்ற அடைமொழியையும் தருகின்றன. என் ஓட்டு இதற்கே. இங்கே ‘இறுக்கம்’ என்பது ‘ஸ்ட்ரெஸ்’. அதன் லத்தீன் வேரும் இறுகக் கட்டுவதைத்தான் குறிக்கிறது. மிகை ஒளியால் செடிக்கு நேரும் ஸ்ட்ரெஸைச் சொல்ல, ‘மன அழுத்தம்’ பழகிய நாவுக்கு ‘ஒளி அழுத்தம்’ எளிதாக வரும். ஆனால் ஒளி ஒரு பரப்பின்மேல் செலுத்தும் விசையை இயற்பியலார் ஏற்கெனவே அப்படி அழைக்கிறார்கள். போதாக்குறைக்கு, இலைத்துளை மூடுவதே அதன் இருபுறமும் உள்ள காப்புச் செல்களுக்குள் அழுத்தம் குறைவதால்தான். ‘ஒளி அழுத்தத்தால் அழுத்தம் குறைந்தது’ என்று எழுத நேரும். ‘ஒளி இறுக்கம்’ என்றால் அந்தத் தொல்லை இல்லை.