சராசரிக்கு எதற்குப் பின்னடைவு?

டொராண்டோவில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். அக்டோபர் பிறந்துவிட்டால், இங்கே மன்னார்குடியில் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும் நேரத்துக்கு அங்கே ஆட்டம் முடிந்து அவனுடைய குரல் செய்தி வந்து கிடக்கும். போன வாரம் வந்தது ஆட்டக் கதை இல்லை. ஒரு தமிழ்க் கட்டுரையை அனுப்பி, "மாமா, பத்து மேட்ச் முடிஞ்சு டேபிள்ல முதல்ல நிக்கிற டீம் இது, இதுக்குப் போய் 'சராசரிக்குப் பின்னடைவு அடையும்'னு போட்டிருக்காங்க, அப்படின்னா என்ன?" என்று கேட்டிருந்தான்.

அது புள்ளியியலில் வரும் 'ரிக்ரெஷன் டு த மீன்' என்பதன் தமிழாம், அதாவது வழக்கத்தை மீறி ஏறியதும் இறங்கியதும் அடுத்த முறை சராசரிப் பக்கமே வருவது. பங்குச்சந்தை எழுதுகிறவர்கள், மருத்துவம் எழுதுகிறவர்கள், இப்போது ஹாக்கி எழுதுகிறவர்கள் என்று எல்லோரும் இதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பொறுத்தது போதும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'ரெ' என்றால் பின்னால், 'கிராதி' என்றால் அடியெடுத்து வைத்தல். இதைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தவர் டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன். முதலில் பட்டாணிப்பூச் செடி விதைகளை வைத்துப் பார்த்தார், பிறகு 205 பெற்றோர் இணைகளின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தை எடுத்து 1886-ல் கட்டுரை வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் குள்ளம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இரண்டு பக்கமும் நடுவை நோக்கியே வருகின்றன. இரண்டு பக்கமும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் சண்டையே அதில்தான்.

பின் + அடைவு என்று பார்த்தால் அகராதிப்படி குறை சொல்ல முடியாது, லத்தீனுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் பின்னடைவு என்ற சொல் இன்று தமிழில் எங்கே குடியிருக்கிறது? வாக்கு எண்ணும் நாளில் டிவியைப் போடுங்கள். ஒருவர் முன்னிலை, இன்னொருவர் பின்னடைவு. கட்சிக்குப் பின்னடைவு, பேச்சுவார்த்தையில் பின்னடைவு, நோயாளியின் உடல்நிலையில் பின்னடைவு. எங்கே வந்தாலும் கெட்ட சேதிதான். அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ப் புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்கும் அணிமேல் ஒட்டினால், படிக்கிறவன் அந்த அணிக்கு ஏதோ ஆகப்போகிறது, ஆட்டக்காரருக்குக் கால் உடையப் போகிறது என்றுதான் நினைப்பான். சரி, மேலே இருப்பவன் கீழே வருவதால் அது பின்னடைவு என்றே வைத்துக்கொள்வோம். பட்டியலின் அடியில் கிடக்கிற அணி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நடுவுக்கு வருகிறதே, அதுவும் இதே விதிதானே, அதையும் பின்னடைவு என்பீர்களா? கடைசி இடத்திலிருந்து முன்னேறுவதற்குப் பெயர் பின்னடைவு!

விஷயம் என்ன என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகில் 2025-26 வரை ஒரு பருவத்தில் ஒரு அணிக்கு 82 ஆட்டம். இரு பக்கமும் ஐந்தைந்து பேர் ஆடும் நேரத்தில், நூறு ஷாட் அடித்தால் சுமார் எட்டு கோலாகும். முதல் பத்து ஆட்டத்தில் ஒரு அணி அப்படி 250 ஷாட் அடித்தது என்றால் 20 கோல் எதிர்பார்க்கலாம். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தின் ஆட்டத்திலேயே அது 12 ஆகவும் போகலாம், 28 ஆகவும் போகலாம், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 32 அணிகள் இருக்கிற லீகில் யாராவது ஒருவர் அந்த 28 பக்கம் நிற்கத்தான் செய்வார், அவரைத்தான் அக்டோபர் கடைசியில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். அடுத்த பத்து ஆட்டத்தில் அவர் 20-க்கு வருவார். ஆட்டம் கெட்டதால் வரவில்லை, வழக்கமாக விழுகிறது விழுகிறது, அவ்வளவுதான்.

இதைப் பிடிக்கத்தான் அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நம் ஷாட்டில் எத்தனை சதவீதம் கோலானது, எதிரி ஷாட்டில் எத்தனை சதவீதத்தை நம் கோல்கீப்பர் தடுத்தார், இரண்டையும் கூட்டு. லீக் முழுவதற்கும் அது 100-தான் வரும், ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் தடுக்காத கோல் ஆயிற்றே. ஒரு அணி 104-ல் நின்றால் சந்தேகப்படு, 96-ல் நின்றால் பொறுத்திரு. இதன் பெயர் பி.டி.ஓ. எதன் சுருக்கமும் இல்லை, இதை முதலில் யோசித்தவர் இணையத்தில் வைத்திருந்த புனைபெயர். நம் ஊரில் பி.டி.ஓ. என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், வேறு யாரும் இல்லை, ஆகவே இதையாவது யாரும் மொழிபெயர்க்காமல் விட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷமும் அடுத்த பத்தி வரைதான். அங்கே 'சேவ் பெர்சன்டேஜ்' என்பதைச் 'சேமிப்பு சதவீதம்' என்று போட்டிருந்தார்கள். தபால் ஆபீஸ் கணக்கா அது? கோல்கீப்பர் தடுக்கிறார், ஐயா. தடுப்பு சதவீதம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

மற்ற சொற்களையும் நிறுத்துப் பார்த்தேன். நம் பள்ளிப் பாடநூல் ரிக்ரெஷனைத் 'தொடர்புப் போக்கு' என்கிறது. புள்ளிகளுக்கு நடுவே கோடு போடும் கணக்குக்கு அது நல்ல சொல், ஆனால் 'சராசரிக்குத் தொடர்புப் போக்கு' என்று எழுதினால் எழுதியவருக்கே புரியாது. இலங்கைத் தமிழில் 'பிற்செலவு' என்ற சொல் உண்டு. எனக்கு அது பிடிக்கும். செலவு என்றால் பழைய தமிழில் போதல், பயணம். தலைவன் பொருள் தேடப் புறப்பட்டவன் மனம் மாறி நிற்பதைச் செலவழுங்குதல் என்பார்கள். ஆனால் இன்றைக்குச் செலவு என்றால் கையிலிருந்து காசு போவது மட்டும்தான், ஹாக்கி அணியின் பிற்செலவு என்றால் ஆட்டக்காரர் சம்பளம் என்று நினைப்பார்கள்.

'மீட்சி', 'மீள்வு' என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எதிர்ப்பக்கக் கோளாறு. மீண்டு வந்தான் என்றால் துன்பத்திலிருந்து வந்தான் என்று பொருள். பின்னடைவு எல்லோரையும் கீழே தள்ளுகிறது, மீட்சி எல்லோரையும் மேலே தூக்குகிறது. 'மட்டத்துக்கு வருதல்' என்பது பேச்சில் அழகாக இருக்கிறது, ஆற்று நீர் மட்டம் போல. ஆனால் மட்டமான துணி, மட்டமான அரிசி என்று அந்தச் சொல்லைக் கெடுத்துவைத்திருக்கிறோம். இதில் வேடிக்கை, கால்டன் தன் கட்டுரைத் தலைப்பில் வைத்த 'மீடியாக்ரிட்டி'க்கும் இதே கதிதான். நடுத்தரம் என்று பொருள் தந்த சொல், இப்போது மட்டம் என்றாகிவிட்டது.

தனித்தமிழ் அன்பர்கள் 'சராசரி'யே உருதுவழி வந்தது, 'நடு' என்று எழுதக் கூடாதா என்பார்கள். வந்தது உண்மைதான். ஆனால் 'நடு' என்றாலும் 'இடை' என்றாலும், வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுக்கிறோமே, அந்த இடைநிலை அளவோடு குழம்பும். சராசரி இருக்கட்டும், அது நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

என் தேர்வு 'சராசரிக்குத் திரும்புதல்'. மேலே போனவனும் திரும்பலாம், கீழே போனவனும் திரும்பலாம், அந்தச் சொல்லுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பக்கத்து வயல்காரரிடம், வழக்கமாகப் பத்து மூட்டை காணும் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) வயலில் போன சம்பாவுக்குப் பதினான்கு கண்டதே, இந்தத் தடவை எப்படி என்று கேட்டேன். "அது ஒரு வருஷம் கண்டுடுச்சுண்ணே, இனிமே எப்பவும் காணுறதுதான் காணும்" என்றார். பயிருக்குப் பின்னடைவு என்று அவர் சொல்லவில்லை.

இன்னொரு தப்பும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, 'ஈடுகட்டும்' என்று எழுதுவது. முதல் பத்தில் எட்டு ஜெயித்த அணி கணக்கைச் சரிக்கட்டத் தோற்றே ஆகவேண்டும் என்பது போல. அப்படி யாரும் கடன்பட்டிருக்கவில்லை. உண்மையில் பாதிக்குப் பாதி ஜெயிக்கும் அணி என்றால் மீதி 72-ல் 36 ஜெயிக்கும், மொத்தம் 44. 82-ல் பாதியான நாற்பத்தொன்று ஆகாது. களத்துக்கு வந்த நெல் வந்ததுதான்.

எல்லாமே திரும்புதல்தான் என்றும் நான் சொல்லவில்லை. செயின்ட் லூயிஸ் அணி 2019 ஜனவரி 3-ந் தேதி காலையில் 31 அணிகளில் கடைசி. அதே ஆண்டு ஜூன் 12-ல் லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. (அந்த ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, ஆகஸ்டில்தான் தண்ணீர் வந்தது, அதனால் எனக்குத் தேதி மறக்காது.) பயிற்சியாளர் முந்தின நவம்பரிலேயே மாறியிருந்தார், ஜனவரியில் பின்னிங்டன் என்ற புது கோல்கீப்பர் வந்து நின்றார். பாதி திரும்புதல், பாதி நிஜ மாற்றம். மறுபக்கம், டொராண்டோ 2013-14-ல் ஆட்டத்துக்கு ஆட்டம் எதிரிகள் கூடுதலாக ஷாட் அடித்தும் ஜெயித்துக்கொண்டே வந்து, கடைசி 14-ல் 12 தோற்று வெளியே போனது. அதே பருவத்தில் கொலராடோ 112 புள்ளி எடுத்தது, அடுத்த பருவத்தில் 90. நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்க நன்றி நாளன்று தகுதி இடத்தில் இருக்கும் அணிகளில் நாலில் மூன்று பங்கு இறுதிச் சுற்றுகளுக்குப் போய்விடும் என்பது அங்கே பழைய கணக்கு. ஆக, தொடக்கப் புள்ளிவிவரம் வெறும் புகை இல்லை. கோலை விட ஷாட்டை எண்ணினால் சீக்கிரம் தெளியும், எண்ணிக்கை அதிகம் என்பதால்.

இதையெல்லாம் குரல் செய்தியாகப் பதினோரு நிமிஷம் பேசி அனுப்பினேன். "சரி மாமா, திரும்புதல்" என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் அவனே எழுதியிருந்தான்: "நம்ம கோல்கீப்பருக்கு நேத்து சேமிப்பு நல்லா இருந்துச்சு."