ஏசி சேர்விஸ் தொடங்குகிறீர்களா? கடையைக் கடைசியில் பாருங்கள்

ஏசி தொழில் தொடங்கவிருக்கும் தம்பிமார் கொண்டுவரும் செலவுக் கணக்கில் முதல் வரியில் பெரும்பாலும் பிரதான வீதியில் ஒரு கடை இருக்கும். முற்பணம், வாடகை, பெயர்ப்பலகை. மட்டக்களப்பில் யாரும் சுவரில் இருக்கும் ஏசியைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வருவதில்லை, நாம்தான் வீட்டுக்குப் போகிறோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, ஒரு போன் இலக்கம், ஏணி கட்ட ஒரு பழைய ஆட்டோ. தொடங்க இவ்வளவு போதும்.

காசை இறக்க வேண்டியது கருவிகளில். முதலில் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் நல்ல வக்யூம் பம்ப். பழைய பிறிட்ஜ் கம்பிரஷரால் காற்றை இழுத்துச் சமாளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழாயில் ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், கம்பிரஷர் மெல்ல மெல்லச் சாகும். குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கியதா என்று மீட்டரில் பார்த்துத்தான் கேஸ் திறக்க வேண்டும். அடுத்தது கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜ். ஏசிக்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ்களில் ஆர்-410ஏயின் அழுத்தம் பழைய ஆர்-22ஐ விட ஏறக்குறைய 1.6 மடங்கு, பழைய கேஜும் ஹோஸும் அதற்குச் சரிவராது. புது மெஷின்களில் வரும் ஆர்-32 தீப்பற்றக்கூடியது, கேஸை எடுக்காமல் வெல்டிங் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. லீக் பார்க்க நைட்ரஜன் சிலிண்டர் வாங்குங்கள். செலவை மிச்சம் பிடிக்க ஒக்சிஜன் அடித்தால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

ஆர்-22ஐ அதிகம் வாங்கிக் குவிக்காதீர்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கைப்படி 2030இல் அதன் பாவனை ஏறத்தாழ முடிவுக்கு வருகிறது.

சிறிய பிரஷர் வோஷரும் தேவை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, பாசிக்குடா என்று கரையோரம் முழுக்க உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அதைக் கழுவும் வேலைதான் நிலையாகச் சோறு போடும். (சூடாக்கும் வேலை இங்கே கிடையாது, அதை வெயிலே பார்த்துக்கொள்கிறது.)

அப்புறம், கணக்கில் யாரும் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் போன் ஓயாது. கார்த்திகையில் மாரி பிடித்தால் தை வரை அழைப்பு குறைந்துவிடும், ஆனால் கூட வேலை செய்யும் பொடியனுக்குச் சம்பளமும் வண்டித் தவணையும் நிற்காது. மூன்று மாதச் செலவைக் கைமுதலாக ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் கருவி வாங்க வேண்டும். போதாவிட்டால் வண்டியை இரவல் எடுங்கள்.

ஹோட்டல்கள் வேலை தரும், காசு வர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். கேஸும் செப்புக் குழாயும் நமக்குக் கடனில் கிடைக்காது. ஆகவே சாமான் காசை முதலே கேட்டு வாங்குங்கள். கூலியை வேண்டுமானால் பிறகு வாங்கலாம்.