மேடம், எட்டாவது பி-க்கு சப்ஸ்டிடியூஷன் போறீங்களா?

நான் ஸ்கூல் கவுன்சிலரா சேந்த மொத நாள் குடுத்த ரூம்ல ஒரு பக்கம் வாலிபால் நெட்டு, இன்னொரு பக்கம் பழைய ஆன்சர் பேப்பர் கட்டு. கதவு சாத்தாது. ஒரு புள்ள உக்காந்து அழணும்னா கதவு சாத்தணும் சார்னு பிரின்சிபால்கிட்ட சொல்லி சொல்லி தாழ்ப்பாள் போட வைக்கவே ஆறு மாசம் ஆச்சு. அவர் கெட்ட மனுஷன்லாம் கிடையாது, முப்பது வருஷம் கணக்கு நடத்தி சீனியாரிட்டில மேல வந்தவரு, டைம்டேபிள் போட்டா ஒரு பீரியட் இடிக்காது. ஆனா கவுன்சிலர்னா என்ன வேலைன்னு அவருக்கு எந்த ட்ரெய்னிங்லயும் யாரும் சொல்லித் தரல. அதனால டீச்சர் யாராவது லீவுன்னா மொத போன் எனக்குத்தான் வரும்.

இப்ப இத எழுத காரணம் இருக்கு. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங்ல இருந்த 17 வயசுப் பொண்ணு இறந்துபோன வழக்கு. 100 பசங்க, இல்ல அதுக்கு மேல இருக்குற கல்வி நிறுவனத்துல குழந்தைகள், வளரிளம் பருவத்தினரோட மனநலத்துல பயிற்சி எடுத்த ஒரு தகுதியான கவுன்சிலராவது சைக்காலஜிஸ்டாவது சோசியல் வொர்க்கராவது இருக்கணும், மத்த ஸ்டாஃபுக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பயிற்சி குடுக்கணும்னு சொல்லிருக்காங்க. நல்ல விஷயம். ஆனா "தகுதியான" அப்டிங்கற அந்த ஒரு வார்த்தைலதான் எல்லாமே இருக்கு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு வைக்கணும்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அங்க ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், ஸ்கூல் கவுன்சிலருக்கு அந்த மாதிரி தனி லைசென்ஸ் நம்மூர்ல கிடையாது. அதனால எம்எஸ்சி ரெண்டு வருஷம் படிச்சவங்களும் வீக்கெண்ட்ல ஆன்லைன் சர்ட்டிபிகேட் வாங்குனவங்களும் ஒரே நாற்காலிக்கு வந்து நிக்கறாங்க, மேனேஜ்மெண்ட் யாரு சம்பளம் கம்மியா கேக்கறாங்கன்னு பாக்குது.

அமெரிக்காவுல கேக்ரெப்னு ஒரு அமைப்பு இருக்கு, கவுன்சிலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்கறது. அவங்க அங்கீகாரம் குடுத்த மாஸ்டர்ஸ் படிப்புல 100 மணி நேரம் பிராக்டிகம்னு மேற்பார்வைல செய்யற ஆரம்பப் பயிற்சி, அப்புறம் 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதுல 240 மணி நேரம் நேரடியா ஆளுங்க முன்னாடி உக்காந்துருக்கணும். அங்க பிரின்சிபால் ஆகறவங்களுக்கும் தனியா ஸ்கூல் லீடர்ஷிப் படிப்பு இருக்கு, அதுக்கும் தனி தரநிலை. அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல, அங்கயும் கவுன்சிலர டெஸ்ட் டூட்டிக்கு இழுக்கறாங்கன்னு புலம்பல் உண்டு. ஆனா மணி நேரம்னு எண்ணி வச்சிருக்கறது எனக்குப் பிடிக்கும். நம்மகிட்டயும் சுத்தமா இல்லாம இல்ல, என்சிஇஆர்டி ஒரு வருஷ டிப்ளமோ நடத்துது, கைடன்ஸ் அண்ட் கவுன்சிலிங், கடைசி மூணு மாசம் இன்டர்ன்ஷிப். எத்தன ஸ்கூல் அத கேட்டு ஆள் எடுக்குதுன்னுதான் என் கேள்வி.

அந்த மணி நேரம் ஏன் முக்கியம்னா, புத்தகத்துல படிச்சது அழற புள்ள முன்னாடி ஒண்ணும் ஞாபகம் வராது. என் படிப்புல ரோல்ப்ளே பண்ணும்போது நான் அட்வைஸ் ஆரம்பிச்ச உடனே எங்க மேடம் பேனாவால டேபிள தட்டுவாங்க. டொக்கு டொக்குன்னு அந்த சத்தம் இன்னும் காதுல கேக்குது, அதனாலதான் நான் வாய மூடிக்கறேன்.

ஒரு தடவ, நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல, ஏழாவது படிக்கற பொண்ணு ட்யூஷன் போக மாட்டேன்னு அடம் பிடிக்குதுன்னு அனுப்புனாங்க. மூணாவது நாள்தான் வாயத் திறந்துச்சு. தெரிஞ்ச ஆள்தான், தப்பா தொட்டுருக்கான். குழந்தைகள பாலியல் குற்றத்துல இருந்து காக்கற போக்சோ சட்டம் 19-ம் பிரிவுப்படி தெரிஞ்ச உடனே போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லலன்னா 21-ம் பிரிவுல நமக்கே தண்டனை. மேலிடத்துல சொன்னேன், "மொதல்ல பேரண்ட்ஸ கூப்புட்டு பேசுவோம், ஸ்கூல் பேரு கெட்டுரும்"னாங்க. நிறுவனத் தலைவரா இருக்கறவங்க தனக்குக் கீழ வேலை பாக்கற ஆள் பண்ண தப்ப மறச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதே சட்டத்துல இருக்குன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த கேஸ்ல ஆள் ஸ்கூலுக்கு வெளியாள்தான், ஆனா நான் அந்தப் பக்கத்தையும் எடுத்துக் காட்டுன பிறகுதான் மூஞ்சி மாறுச்சு. அன்னைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு கூப்பிட்டேன், போலீஸ்லயும் சொன்னோம். எனக்கு இது கிளாஸ்ல நடத்துனதுனால தெரியும். அவங்க பிஎட்ல, ப்ரொமோஷன்ல எங்கயாவது நடத்திருந்தா நான் அன்னைக்கு அரை நாள் வாக்குவாதம் பண்ணிருக்க வேண்டாம், அந்தப் பொண்ணு அரை நாள் பெஞ்சுல தனியா உக்காந்துருக்க வேண்டாம்.

கவுன்சிலர மட்டும் படிக்க வச்சா பத்தாதுன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்குத்தான். ரகசியம்னா எதுவரைக்கும், எந்த விஷயத்த பிரின்சிபால்கிட்ட சொல்லலாம், எத டாக்டருக்கு அனுப்பணும், இதெல்லாம் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாதான் அந்த ரூம் வேலை செய்யும்.

அட்மிஷன் டைம்ல ஏசி பஸ் இருக்கா, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கான்னு கேப்பாங்க. இந்த வருஷம் ஒரு அப்பா ரிசப்ஷன்ல நின்னு "உங்க கவுன்சிலர் என்ன படிச்சிருக்காங்க, எவ்ளோ நாள் இன்டர்ன்ஷிப் பண்ணாங்க, கேஸ்ல சந்தேகம் வந்தா யார்கிட்ட கேப்பாங்க"ன்னு மூணு கேள்வி கேட்டாரு. ரிசப்ஷன்ல திருதிருன்னு முழிச்சுட்டு என்னை கூப்புட்டாங்க. நான் போய் பேனா தட்டுன கதையில இருந்து எல்லாத்தையும் சொன்னேன், மனுஷன் ஒரு குட்டி நோட்ல எழுதிக்கிட்டாரு. பின்னாடி நின்ன பிரின்சிபாலும் கேட்டுட்டு இருந்தாரு, அன்னைக்கு சாயங்காலம் சப்ஸ்டிடியூஷன் லிஸ்ட்ல என் பேர் இல்ல.