ஊரே சுத்தி இருக்கு, அப்புறம் எதுக்கு விவசாயிக்கு தனிமை?

கிராமத்துல தனிமையான்னு கேட்டா பாதி பேர் சிரிப்பாங்க, ஒருத்தர் வீட்டு விஷயம் அரை மணி நேரத்துல ஊருக்கே தெரிஞ்சிடுற இடத்துல எங்கருந்து தனிமைன்னு. தனிமைய நாம தலைய எண்ணி கணக்கு பண்றோம், சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. அமெரிக்காவுல சவுத் டகோட்டாவுல ஹட்டரைட்னு ஒரு விவசாய சமூகம் இருக்கு. தனிச் சொத்து கிடையாது, நிலம் பொது, வேலையும் சாப்பாடும் சேர்ந்துதான். அவங்கள்ல 95 பேர் கையில அசைவ பதிவு பண்ற கருவிய கட்டி ஒரு வாரம் தூக்கத்த அளந்தாங்க, 2011ல வந்த ஆய்வு இது. தனிமையா உணர்றேன்னு கூடுதலா சொன்னவங்களுக்கு ராத்திரி தூக்கம் கூடுதலா துண்டு துண்டா உடைஞ்சிருந்துச்சு. இத்தனைக்கும் அங்க சுத்தி எப்பவும் ஆளுங்க.

தூக்கம் ஏன் உடையணும்? சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்த ஜான் கசியோப்போ (2018ல இறந்துட்டார்) பல வருஷமா இதையேதான் தோண்டிக்கிட்டிருந்தார். தனிமை உணர்வுங்கறது பசி தாகம் மாதிரி உடம்பு குடுக்குற ஒரு சிக்னல், போய் கூட்டத்தோட சேருன்னு தள்றதுக்குன்னார். சும்மா உவமைக்கு சொன்னதில்ல. 2020ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக குழு ஒண்ணு 40 பேரை 10 மணி நேரம் யார் தொடர்பும் இல்லாம தனியா வெச்சாங்க, இன்னொரு நாள் அதே ஆளுங்கள 10 மணி நேரம் பட்டினி போட்டாங்க, ரெண்டு தடவையும் மூளைய ஸ்கேன் பண்ணாங்க. பட்டினிக்கப்புறம் சாப்பாட்டுப் படத்துக்கு நடுமூளையில எந்தப் பகுதி துள்ளுச்சோ, தனிமைக்கப்புறம் ஆளுங்க கூடி இருக்கற படத்துக்கும் அதே பகுதி துள்ளுச்சு.

ஆனா பசிச்சவன் சோத்த தேடிப் போவான், மாசக்கணக்கா தனிமையில கெடக்குறவர் மனுஷங்கள தேடிப் போறதில்ல, ஒதுங்கித்தான் போறார். கசியோப்போவோட விளக்கம் என்னன்னா, கூட்டத்த விட்டுப் பிரிஞ்ச ஆதி மனுஷனுக்கு காவலுக்கு ஆள் கிடையாது, அதனால மூளையே காவல் நிக்க ஆரம்பிச்சிடும், தூக்கம் மேலோட்டமாகும், எதிர்ல வர்ற முகத்துல நட்புக்கு முன்னாடி ஆபத்ததான் தேடும். அதே மூளைதான் இன்னிக்கும். பக்கத்து நிலத்துக்காரர் ஏதோ யோசனையில நிக்காம வண்டிய ஓட்டிட்டுப் போனா, "பாத்தும் பாக்காத மாதிரி போறான், நம்ம கடன் விஷயம் தெரிஞ்சிருச்சு போல"ன்னு இவர் மனசு முடிவு கட்டிடும், அடுத்த நாள் இவர் முகத்த திருப்பிப்பார், அவரும் பதிலுக்கு திருப்பிப்பார், அவ்வளவுதான், சந்தேகம் நிஜமாயிடுச்சு.

ரத்தத்துலயும் இது தெரியுது. 2007ல அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவ் கோல் குழு வெள்ளை அணுக்கள பாத்தப்ப, ரொம்ப தனிமையா இருந்தவங்களுக்கு அழற்சிய (காயம் பட்டா அந்த எடம் சிவந்து வீங்குதே, அது) தூண்டுற ஜீன்கள் கூடுதலாவும், வைரஸ எதிர்க்கிற ஜீன்கள் கம்மியாவும் வேலை செஞ்சுது. தனி ஆளுக்கு காயம் படுற வாய்ப்பு ஜாஸ்தி, கூட்டத்துல தொத்துற வைரஸ் கம்மி, உடம்பு அதுக்கேத்த மாதிரி தயாராகுதுன்னு ஒரு விளக்கம். காயமே வராம அழற்சி மட்டும் வருஷக்கணக்கா ஓடிக்கிட்டிருந்தா இதயத்துக்கு நல்லதில்ல.

இதுல விவசாயத்துக்குன்னு தனி சிக்கல் சிலது இருக்கு. மெஷின் வந்தது நல்லதுதான், முதுகு தப்பிச்சுது, ஆனா இருபது பேர் பேசிக்கிட்டே செஞ்ச வேலைய இப்ப ஒருத்தர் இன்ஜின் சத்தத்துக்குள்ள உக்காந்து செய்றார். அப்புறம் நஷ்டத்த மறைக்க முடியாது, காஞ்ச பயிர் ரோட்டுல போறவங்க எல்லாருக்கும் தெரியும். எல்லாத்துக்கும் மேல பணம் வர்ற விதம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள்ல 464 கரும்பு விவசாயிங்கள வெச்சு ஒரு ஆய்வு, 2013ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. அறுவடைக்கு முன்னாடி கை காஞ்சிருக்கும்போது ஒரு தடவை, பணம் வந்தப்புறம் ஒரு தடவைன்னு அதே ஆளுக்கே யோசனைத்திறன் டெஸ்ட் வெச்சாங்க, முன்னாடி எடுத்த மார்க் கம்மி. ஆள் அதேதான், பணக் கவலை மூளையில இடத்த புடிச்சுக்குது. உதவி கேக்க வேண்டிய நேரத்துலதான் கேக்குற தெம்பு கம்மியா இருக்குன்னு எனக்கு தோணுது.

அதனாலதான் "கஷ்டம்னா இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு போஸ்டர் ஒட்டினா மட்டும் போதாதுன்னு நினைக்கிறேன் (நம்பர் கண்டிப்பா வேணும், அது வேற). சும்மா ஆள சேர்த்து விட்டாலும் பெருசா மாறல: 2011ல பழைய ஆய்வுகள எல்லாம் சேர்த்துப் பாத்தப்ப, பழக வாய்ப்பு உண்டாக்குறத விட, அந்த சந்தேக நினைப்ப எடுத்து சரி பாக்க கத்துக் குடுத்ததுதான் நல்லா வேலை செஞ்சிருக்கு. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல இத அழகா காமிச்சாங்க. மனச்சோர்வுல இருந்த கர்ப்பிணிங்க வீட்டுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர் பெண்கள் போனாங்க. ஒரு குழுவுக்கு போனவங்களுக்கு மட்டும் நினைப்ப மாத்துற பயிற்சி குடுத்திருந்தாங்க, இன்னொரு குழுவுக்கும் அதே எண்ணிக்கை விசிட், பயிற்சி மட்டும் இல்ல. குழந்தை பிறந்து ஆறு மாசத்துல மனச்சோர்வு முதல் குழுவுல 23 சதவீதம், ரெண்டாவதுல 53. மனநல டாக்டர் யாரும் வீடு வீடா போகல.

ஆம்பளைங்க கதை வேற, எதிர் எதிர் நாற்காலி போட்டு "மனசுல என்ன"ன்னு கேட்டா வாயே திறக்க மாட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 1990கள்ல ஆரம்பிச்ச ஷெட் இயக்கம் இத புரிஞ்சுக்கிட்டுது, ஆம்பளைங்க ஒரு கொட்டகையில கூடி சேர்ந்து மர வேலை, ரிப்பேர்னு கை வேலையா இருக்கும், பேச்சு அதுவா வரும். 1989ல இந்தோனேசியாவுல நெல்லுக்காக ஆரம்பிச்ச வயல்வெளிப் பள்ளிய பாருங்க, ஒரு இருபது இருபத்தஞ்சு விவசாயிங்க, வாராவாரம் வயல்ல இறங்கி தூர்ல பூச்சி எத்தனை, அத திங்கிற சிலந்தி எத்தனைன்னு எண்ணி, பெரிய தாள்ல செடிய வரைஞ்சு இந்தப்பக்கம் எதிரி அந்தப்பக்கம் நண்பன்னு போட்டு, மருந்து அடிக்கலாமா வேணாமான்னு வாதம் பண்ணுவாங்க. நோக்கம் மருந்த குறைக்கிறதுதான், மனநலம்னு பேர் கூட இல்ல, ஆனா ஒரு சீசன் முழுக்க தவறாம பாத்துக்கிட்டா ஒருத்தர் வரலன்னா கேக்க ஆள் இருக்கும், பயிர் போனத வெக்கப்படாம பேசவும் ஒரு எடம் கிடைக்கும்.

ஏற்கனவே பண்ணைக்கு வந்து போறவங்க, கால்நடை டாக்டர், பால் எடுக்குறவர், தீவன லாரி ஓட்டுறவர், இவங்களுக்கு விவசாயி மனசு ஒடிஞ்சு போயிருக்கற அடையாளங்கள சொல்லிக் குடுக்குற பயிற்சியும் சில நாடுகள்ல நடக்குது. எப்பவும் சுத்தமா இருக்கற கொட்டகை அப்படியே கெடக்குது, மாடு இளைச்சிருக்கு, ரிப்பேரான மோட்டார தொடவே இல்ல, வழக்கமா வர்ற கூட்டத்துக்கு வரல. இதுமாதிரி கண்டா, சாகணும்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்சிடுவோம்னு ஒரு பயம் இருக்கு, ஆய்வுகள்ல அப்படி எதுவும் தெரியல. ஆமான்னு சொன்னா அவர தனியா விட்டுட்டு வராம, பக்கத்துலயே உக்காந்து டாக்டருக்கோ உதவி எண்ணுக்கோ நாமளே டயல் பண்ணி குடுக்கணும்.