டேக் போவதற்கு முன் பேசிவிடுங்கள்: ஜாஸ் கூட்டுப் பதிவில் பெயரும் பங்கும்

ஜாஸ் பதிவுக்குப் போகும்போது பாட்டு பாதிதான் தயாராக இருக்கும். சாக்ஸபோன்காரர் ஒரு தாளில் மெலடியும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) எழுதிக் கொண்டுவருவார். நான் டபுள் பேஸ் வாசிப்பவன். எனக்கு அந்தத் தாளில் கார்டின் பெயர்கள் மட்டும்தான். டிரம்ஸுக்கு ‘மீடியம் ஸ்விங்’ என்று இரண்டு சொல் இருக்கும். மிச்சமெல்லாம் அறைக்குள் நடக்கிறது. நான் சும்மா வாசித்துப் பார்த்த ஒரு பேஸ் லைன் எல்லாருக்கும் பிடித்துப்போய் அதுவே தொடக்கமாகிவிடும். பியானோவில் இருப்பவர் ஒரு கார்டை மாற்றுவார். அதற்கு ஒத்துப்போக மெலடியின் கடைசி இரண்டு சுரம் மாறும். மாலையில் ஓகே ஆகும் டேக்குக்கும் (ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்த வடிவம்) காலையில் வந்த தாளுக்கும் இடையே நிறைய பேருடைய யோசனை சேர்ந்திருக்கும். அந்தப் பாட்டு யாருடையது?

பதிவுக்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்க நம்மில் பலருக்குத் தயக்கம். காசு, பங்கு என்று பேச ஆரம்பித்தால் நட்பு கெட்டுவிடும் என்ற நினைப்பு. நான் பார்த்தவரை, பேசாமல் விட்டதில்தான் நட்புகள் முறிந்திருக்கின்றன. இளம் கலைஞர்கள் இப்போது மிருதங்கம், கடம், வயலின், சாக்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் என்று கலந்து அழகான வேலைகள் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலகத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட ஜாஸ் ஆல்பங்களில் ஒன்றிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்து கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோவாக மாறிய கட்டடத்தில் பதிவானது. வாசித்தவர்களிடம் முழு நொட்டேஷன் இல்லை, குறிப்புகள்தான் இருந்தன. ஆல்பம் வெளிவந்தபோது எல்லாப் பாடல்களும் டேவிஸின் பெயரில் வந்தன. ‘ப்ளூ இன் க்ரீன்’ தன்னுடையது என்று பியானோ வாசித்த பில் எவன்ஸ் பிற்பாடு சொன்னார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ரசிகர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கலைஞர்கள் இருவருக்கு நடுவிலேயே இப்படி என்றால், வாடகை ஸ்டுடியோவில் மணிக்கணக்குப் பார்த்து வாசிக்கும் நமக்கு எவ்வளவு எளிதாக நடக்கும்!

எடிட்டிங்கையும் மறந்துவிடக் கூடாது. டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ 1969 ஆகஸ்டில் மூன்று நாள் பதிவானது. தயாரிப்பாளர் தியோ மசெரோ அந்த டேப்புகளை வெட்டி, ஒட்டி, சில பகுதிகளைத் திரும்ப வைத்துப் பாட்டின் உருவத்தையே அமைத்தார். அன்றைக்கு பிளேடால் செய்ததை இன்று எந்த இன்ஜினியரும் லேப்டாப்பில் செய்கிறார். அவர் வெறும் சுத்தம் செய்கிறாரா, பாட்டைக் கட்டுகிறாரா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கட்டுகிறார் என்றால் அவருக்கும் பங்கு உண்டா என்பதை முதல் நாளே பேசுங்கள்.

எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம் தாளவாத்தியக்காரர்களின் நிலை. மெலடியும் கார்டும்தான் ‘கம்போசிஷன்’, மற்றதெல்லாம் ‘வாசிப்பு’ என்ற பழக்கம் மேற்கிலிருந்து வந்தது. அதை நம் ஆட்களோடு செய்யும் பதிவில் அப்படியே பொருத்தினால் அநியாயமாகிவிடுகிறது.

ஒரு பதிவில் சாக்ஸ்காரரின் பாட்டு பி ஃப்ளாட்டில், அதாவது நம் கணக்கில் ஆறரைக் கட்டையில் இருந்தது. கடத்துக்கு ஸ்ருதியை ஓரளவுக்கு மேல் மாற்ற முடியாது. களிமண் சுட்டபோது அமைந்ததுதான். அதனால்தான் கடம் வித்வான்கள் வெவ்வேறு ஸ்ருதிக்கு வெவ்வேறு கடம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வந்த கலைஞரிடம் நன்றாகப் பேசுகிற கடம் ஐந்து கட்டையில் இருந்தது. பாட்டை ஜி-க்கு இறக்கினோம். இறக்கியதும் மெலடியின் கீழ்ச் சுரங்கள் சாக்ஸில் வாசிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டன, அந்த வரியின் முடிவையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. எழுதியதை விட அது நன்றாக அமைந்தது.

அப்புறம் அந்தப் பாட்டின் நடுப்பகுதி வேறு ஸ்ருதிக்குத் தாவும். ஜாஸில் இது சாதாரணம். ஆனால் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை ஆதார ஸ்ருதிக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது, அதன் நாதம் புதிய கார்டோடு உரசும். மிருதங்கக் கலைஞர் அந்த இடத்தில் நாதம் நீண்டு நிற்கும் மீட்டுச் சொற்களைத் தவிர்த்து, இடது பக்கமான தொப்பியிலும் நாதம் நிற்காத சொற்களிலும் ஒரு நடை அமைத்தார். கடைசி நாலு பாருக்கு, ஸ்விங் நடை மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ரத்துக்குப் பக்கத்தில் வருவதால், பாருக்கு நாலு தட்டு, தட்டுக்கு மூன்று மாத்திரை என்று 48 மாத்திரைக்குள் அடங்கும் ஒரு கோர்வை, அதாவது முடிவுக்கான தாளக் கணக்கு, கட்டினார். பியானோவும் சாக்ஸும் அந்தக் கோர்வையைத்தான் சேர்ந்து வாசித்தோ விட்டுக்கொடுத்தோ முடித்தார்கள். கேட்பவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த முடிவைத்தான். அதை ‘செஷன் வாசிப்பு’ என்று எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வராது.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர் ஒவ்வொருவரும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் சில வரிகளைப் படித்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இசையமைத்தவர் என்பவர், தன் இசையை நொட்டேஷனில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இசையமைத்தவர்தான் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வாய்மொழியாகச் சொற்கட்டு சொல்லிக் கோர்வை கட்டுகிறவருக்கு இது எவ்வளவு முக்கியம்! தாளில் எழுதவில்லை என்ற ஒரே காரணத்தால் அவர் பங்கு இல்லாமல் போய்விடாது. 2012இல் வந்த திருத்தம் வாசிப்பவர்களையும் பாடுபவர்களையும் இன்னும் வலுவாக்கியது. ஒலிப்பதிவை வணிகரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டி கேட்கவும், வாசித்தவர் இன்னார் என்று பெயர் குறிப்பிடச் சொல்லவும் அதில் வழி இருக்கிறது. வாசிப்பவரின் உரிமை 50 ஆண்டு நிற்கும்.

மாஸ்டர், அதாவது முடிவான மூல ஒலிப்பதிவின் உரிமை தனி. அதை எடுக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர், அதாவது தயாரிப்பாளர்தான் பொதுவாக அதன் முதல் உரிமையாளர். நாலு பேர் காசு போட்டு ஸ்டுடியோ எடுத்தீர்கள், ரசீது ஒருவர் பெயரில் இருக்கிறது என்றால் அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும். யார் எவ்வளவு போட்டார்கள், மாஸ்டர் எல்லாருக்கும் பொதுவா என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது முன்கூட்டியே இருக்கட்டும். கையெழுத்திட்ட தாள் இருந்தால் ரொம்ப நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு மிருதங்கக் கலைஞர் நண்பர் ஒருவரின் ஆல்பத்துக்கு ஒரு கால்ஷீட் வாசித்துக் கொடுத்தார். பணம் சரியாக வந்தது, மரியாதையாக நடத்தினார்கள். பிற்பாடு அவருடைய தனி வாசிப்பின் ஒரு துண்டு ஒரு விளம்பரத்தில் சுற்றிச் சுற்றி ஒலித்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட தாளில், எல்லா உரிமையும் எல்லா வகைப் பயன்பாட்டுக்கும் உலகம் முழுக்க என்றென்றைக்கும் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. ரசீது என்று நினைத்துப் போட்ட கையெழுத்து. அவ்வளவு நுட்பமான வாசிப்பு கொண்ட ஒருவர், தன் கையையே அடையாளம் கண்டும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வரி ஏன் அப்படி எழுதப்படுகிறது என்றால், உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கால அளவு சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு இடத்தையும் படியுங்கள். ‘இந்த ஆல்பத்துக்கு மட்டும்’ என்று கையால் எழுதிச் சேர்த்துக் கையெழுத்துப் போடலாம். கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி சாம்பிள் தொகுப்பாக விற்பது, செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியாகக் கொடுப்பது ஆகிய இரண்டுக்கும் தனிச் சம்மதம் வேண்டும் என்று நான் இப்போது எல்லாத் தாளிலும் சேர்க்கிறேன். தாளவாத்தியத் தனி வாசிப்புதான் இதற்கெல்லாம் முதலில் போகும், ஏனென்றால் மெலடி இல்லாமல் எதோடும் ஒட்டும்.

சரி, பங்கை எப்படிப் பிரிப்பது? எல்லாருக்கும் சமம் என்பது நல்ல மனசு, ஆனால் எப்போதும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிக் கொண்டுவந்தவருக்கும் அன்று வந்து பேஸ் வாசித்த எனக்கும் ஒரே பங்கு என்றால் எனக்கே ஒப்பாது. நான் முன்வைக்கும் வழக்கம் இது: எழுதி வந்த பாட்டில், ஒருவரின் சோலோ எவ்வளவு அருமையாக இருந்தாலும் அது வாசிப்பு; அதற்கு ஃபீஸும் மாஸ்டர் வருமானத்தில் பங்கும் சேரும். ஒவ்வொரு முறை அந்தப் பாட்டை வாசிக்கும்போதும் திரும்ப வர வேண்டிய ஒன்றை, ஒரு கோர்வையோ தொடக்கப் பேஸ் லைனோ, யாராவது கொடுத்திருந்தால் அவருக்குப் படைப்பிலும் பங்கு. தாளே இல்லாமல் எல்லாரும் சேர்ந்து கூடியதில் பிறந்தது என்றால் சமம். இதோடு நீங்கள் உடன்படாமல் இருக்கலாம். உங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் பேச நல்ல இடம் ஒத்திகை. ப்ளூ நோட் நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் லயன் பதிவுக்கு முன் ஒத்திகை நாட்களுக்கும் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்தவர். அந்த ஆல்பங்களின் கூர்மைக்கு அது ஒரு பெரிய காரணம். ஸ்டுடியோ மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் பங்கைப் பற்றிப் பேச மனம் வராது. ஒத்திகையில் ஒரு போனை ஓடவிட்டு முழுசாகப் பதிந்துகொள்ளுங்கள். எந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்று பிறகு நினைவு தடுமாறும்போது அதைப் போட்டுக் கேட்டால் போதும். யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டிய நிலையே வராது. ஸ்ருதி, கடம் எது, ஏசி குளிரில் மிருதங்கத் தோல் எப்படி நடந்துகொள்ளும், தொப்பியில் ஒட்டும் ரவையை மறுபடி போட இடைவெளி எப்போது என்பதெல்லாமும் அங்கேயே முடிவாகிவிடும்.

எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்பதைத்தான் நான் எப்போதும் விரும்புகிறேன். ஜாஸுக்கு ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து வாசிப்பது வேண்டும். ஆனால் அதில் ஒரு விளைவு இருக்கிறது: என் மைக்கில் மிருதங்கம் கசியும், பியானோ மைக்கில் சாக்ஸ் இருக்கும். பின்னால் ஒருவர் ‘என் வாசிப்பை எடுத்துவிடுங்கள்’ என்றால் எடுக்க முடியாது, மொத்த டேக்கும் முடங்கும். ஆகவே ஒரே அறைப் பதிவில் சம்மதத் தாள் முன்னாலேயே கைக்கு வர வேண்டும். தனித்தனியாக வீட்டில் பதிந்து ஃபைல் அனுப்பும் முறையில் ஆபத்து எதிர்த்திசையில். உங்கள் வாசிப்பு சுத்தமாகத் தனியாக இன்னொருவரின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, அது எங்கும் போகலாம். அனுப்பும் மின்னஞ்சலிலேயே எந்தப் பாட்டுக்காக அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வெளிநாட்டுக் கலைஞரோடு சேர்ந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் எழுதுங்கள். அமெரிக்காவில் கூட்டுப் படைப்பின் உரிமையாளர்களில் ஒருவர், மற்றவரைக் கேட்காமலேயே பிரத்தியேகமற்ற (வேறு பலருக்கும் தரக்கூடிய) உரிமம் கொடுக்கலாம், வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும். இங்கே நாம் பழகியிருப்பது, எல்லாரையும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு. இருவரும் நேர்மையாக இருந்தும் சண்டை வர இந்த வித்தியாசம் போதும்.

கடைசியாக, வெளியிடும் வேலை. விநியோகஸ்தரின் படிவத்தில் ‘ஆர்ட்டிஸ்ட்’ பெயரை மட்டும் நிரப்பிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வாசித்தவர்கள், இசையமைத்தவர்கள், இன்ஜினியர் என்று தனித்தனி இடங்கள் உண்டு, எல்லாவற்றையும் நிரப்புங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல், இனிஷியல் உட்பட, அவர் மற்ற ஆல்பங்களில் பயன்படுத்துவதாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் அவருடைய கணக்கில் சேராது. ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டக் கிடைக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குழுவில் எல்லாருக்கும் அனுப்புங்கள். இசையமைத்தவர்கள், தங்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பாட்டைப் பதியும்போது பங்கின் சதவீதத்தைக் கேட்பார்கள். ஒத்திகையில் பேசிய அதே எண்ணை எல்லாரும் போட வேண்டும். வாத்தியக் கலைஞர்களுக்கும் பாடகர்களுக்கும் தனிச் சங்கம் இருக்கிறது, அதில் சேரச் சொல்லுங்கள். மாஸ்டர் ஃபைலின் பிரதி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ரிலீஸ் தேதியைக் குறிக்கும் முன் பதிவில் வாசித்தவர்கள் அனைவருக்கும் இந்தப் பெயர், பங்குப் பட்டியலை அனுப்பி, ஒவ்வொருவரும் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகு ஏற்றுங்கள்.